மோக்காவின் வாக்குமூலம்

வயிறு நிறைய மாட்டுக்கறி தின்றுவிட்டுச் செத்துப்போவது என்று நான் முடிவெடுத்தது, பக்கத்து வீட்டு நாராயணசாமியை எரித்துவிட்டு வந்து வாசல் குழாயில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது.

தொம்மலூரில் எங்கள் சந்தில் நாராயணசாமியைப் போல ஒழுங்கான மனுஷன் கிடையாது. காலையில் வெந்தயத் தண்ணீர். மத்தியானம் ராகி முத்தை என்கிற களி உருண்டை. சாயங்காலம் முளைகட்டின பயறு. குடி இல்லை, பீடி இல்லை, கோபம்கூட இல்லை. தினமும் விடிந்ததும் பார்க்கைச் சுற்றி வேகமாக நடப்பார். அந்த நடையிலேயே, தூக்கிய காலைக் கீழே வைப்பதற்குள் போய்விட்டார். நானோ இதயத்தில் ஸ்டென்ட் வைத்த ஆள். மாடிப்படியைப் பார்த்தாலே மாதாவைக் கூப்பிடுகிறவன். நடந்தவர் போய்விட்டார், உட்கார்ந்திருந்த நான் அவருக்கு மாலை வாங்கிக்கொண்டு போகிறேன். அப்புறம் எதற்காக அய்யா நான் உப்பில்லாத கஞ்சி குடிக்க வேண்டும்?

"பவுலின், நான் ஒரு முடிவுக்கு வந்துட்டேன்" என்றேன்.

"மொதல்ல கால நல்லா கழுவிட்டு உள்ள வாங்க."

"பீஃப் வாங்கி மிளகு போட்டு வறுத்துக் குடு. தின்னுட்டு நிம்மதியா போறேன்."

"எங்க போறீங்க?"

"கல்பள்ளிக் கல்லறைக்கு. எங்க அப்பா பக்கத்துல."

"போறதுன்னா ஆட்டோல போங்க. பஸ்ஸு ரொம்பக் குலுக்கும், டாக்டரு கூடாதுன்னாரு."

பவுலின் என் மனைவி. கன்டோன்மென்ட் பக்கம் ஒரு கான்வென்ட்டில் ஆறாம் வகுப்பு டீச்சர். வீட்டில் நானும் அதே ஆறாம் வகுப்புதான். ஆஸ்பத்திரியிலிருந்து என்னை அழைத்து வந்த நாள் முதல் அவள் வைத்ததுதான் சட்டம். உப்பு பெயருக்கு. எண்ணெய் விளக்குக்கு. சிவப்புக் கறி ஆயுசுக்கும் கிடையாது. தட்டில் வெள்ளையாக ஏதோ இருக்கும், அதற்குள் பச்சையாக ஏதோ மிதக்கும். பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்காருவேன். பெல்ட்டில் ஆணியால் புதிய ஓட்டை போட்டேன், அதற்குப் பிறகு இன்னொன்று. அவள் கெஞ்சினாள், திட்டினாள், ஊட்டிக்கூட விட்டாள். என் வாய் திறக்கவில்லை. சும்மா சொல்லவில்லை, உண்மையிலேயே எனக்கு வாழப் பிடிக்கவில்லை.

இந்த நிலைமையில்தான் என் மகன் கிளிஃபர்ட் வைட்ஃபீல்டிலிருந்து காரில் வந்து இறங்கினான். கையில் ஒரு நாய்க்குட்டி. பீகிள் ஜாதி. காது இரண்டும் தரையைப் பெருக்கியது.

"டாடி, வீட்ல இருந்தே வேல பாக்கலாம்னு சொல்லித்தான் இத வாங்கினோம். இப்ப தினமும் ஆபீஸுக்கு வரணும்னுட்டாங்க. ஃபிளாட்ல தனியா விட்டா பக்கத்து வீட்டுக்காரங்க கம்ப்ளெய்ன்ட் பண்றாங்க. கொஞ்ச நாள் நீங்க வெச்சுக்கங்க."

"பேரு என்னடா?"

"மோக்கா."

காப்பியின் பெயராம். எனக்குக் காப்பியும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கூடாத காப்பி நாலு காலில் நடந்து வீட்டுக்குள் வந்தது.

வந்த அன்றே அது என் இடது செருப்பைத் தின்றது. ஜோடி பிரியக்கூடாது என்று மறுநாள் வலதையும் தின்றது. குருத்தோலைச் சிலுவையை மென்று துப்பியது. என் தலையணையைக் கிழித்துப் பஞ்சுக்குள் படுத்துக்கொண்டது. பாத்ரூம் கதவு திறந்திருந்தால் வெளியே மூத்திரம் போகும். கதவு மூடியிருந்தால் கதவின் மேலேயே போகும். ஒருநாள் என் மாத்திரை அட்டையை மேஜையிலிருந்து இழுத்துப்போட்டுக் கடித்தது. பவுலின் அலறிக்கொண்டு ஓடி வந்தாள். ஓடி வந்து நாயைத் தூக்கினாள். அதன் வாயைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தாள். ஒரு மாத்திரையும் உள்ளே போகவில்லை என்று தெரிந்ததும் அதைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"நான் மாத்திரை போட்டேனான்னு கேக்கவே இல்லையே நீ" என்றேன்.

"நீங்க துப்பிடுவீங்க. குட்டிக்குத் துப்பத் தெரியுமா?"

மறுநாள் பள்ளிக்குக் கிளம்பும்போது எனக்கு வீட்டுப்பாடம் கொடுத்தாள்.

"சுவத்தப் பாத்துக்கிட்டு சும்மாதான உக்காந்திருக்கீங்க. இதுக்கு நல்லது கெட்டது கத்துக்குடுங்க. ஃபேக்டரில எத்தினி பேருக்கு ட்ரெய்னிங் குடுத்தேன்னு பெருமையா சொல்லுவீங்கல்ல?"

"அவங்க யாரும் கதவு மேல மூத்திரம் போகல, பவுலின்."

"போயிருந்தா என்ன பண்ணியிருப்பீங்களோ, அதப் பண்ணுங்க."

அப்படித்தான் நான் நாய்க்கு வாத்தியார் ஆனேன். உட்கார் என்றால் ஓடியது. வா என்றால் போனது. போ என்றால் மடியில் ஏறியது. பிஸ்கட் மட்டும் ஒழுங்காக வாங்கிக்கொண்டது. பவுலின் சாயங்காலம் வந்து "என்ன கத்துக்கிச்சு?" என்று கேட்கும்போதெல்லாம் நான் சுவரைப் பார்ப்பேன்.

நாராயணசாமியின் மனைவி சந்திரம்மா அந்த நாட்களில் தினமும் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். அந்த வீட்டில் தனியாக உட்கார்ந்து சாப்பிட அவளால் முடியவில்லை. கையில் ஒரு தட்டோடு வந்து, சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து, பவுலின் போடுவதைச் சாப்பிடுவாள். ஒருநாள் பாதிச் சாப்பாட்டில் கையை நிறுத்திவிட்டாள்.

"அக்கா, அன்னிக்குக் காலைல அவரு வட கேட்டாரு. உத்தின வட, அதான் உளுந்து வட, ஓட்டல்ல இருந்து வாங்கியாறட்டான்னு கேட்டாரு. பேடா, வேணாம், கொலஸ்ட்ரால் ஏறும்னுட்டேன். சரின்னு சிரிச்சுட்டு வாக்கிங் போனாரு. நான் குடுத்திருக்கலாம்ல, அக்கா? ஒரு வட. என்னா ஆயிருக்கும்?"

பவுலின் அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள். அன்று பாத்திரம் தேய்க்கப் போன பவுலின் தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு நாராயணசாமியை நினைத்துப் பொறாமையாக இருந்தது. அவர் கேட்ட வடைக்காக அவர் மனைவி இன்னும் அழுகிறாள். நான் கேட்பதை இவள் காதில்கூட வாங்கமாட்டேன் என்கிறாள்.

அந்த வாரம் சனிக்கிழமைதான் ஆண்டவர் எனக்கு வழி திறந்தார். பவுலின் காலையில் பாய் கடைக்குப் போய் மாட்டுக்கறி வாங்கிக்கொண்டு வந்தாள். ஜன்னல் வழியாக என் கண்ணாலேயே பார்த்தேன். கறுப்புப் பையின் வாயில் சிவப்பான கறி தெரிந்தது.

"யாருக்கு?" என்றேன்.

"நாளைக்கு ஜாய்சன் வர்றான். பாவம், ஹெப்பகோடில பட்டறைலயே தங்கிக்கிட்டு என்னத்தத் திங்கறானோ. அவனுக்கு வறுத்துக் குடுக்கப் போறேன்."

ஜாய்சன் அவள் தம்பி. கல்யாணம் செய்துகொள்ளாதவன், அதனால் அவனுக்குக் கறி உண்டு.

அவள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சமைத்தாள். மிளகு, பூண்டு, கிராம்பு, தேங்காய்ச் சில்லு, கறிவேப்பிலை. அந்த வாசனையில் நான் நாற்காலியைச் சுவரிலிருந்து திருப்பினேன். பல மாதங்களுக்குப் பிறகு வீட்டின் மற்ற பக்கத்தைப் பார்த்தேன். பிறகு அவள் அந்தச் சட்டியை மூடிபோட்டு சமையல் மேடையிலேயே வைத்துவிட்டு, கோயிலுக்குப் பாட்டுப் பயிற்சிக்குக் கிளம்பினாள்.

"ஃபிரிட்ஜ்ல வெச்சா ருசி போயிடும். மேடையிலயே இருக்கட்டும். தொடாதீங்க" என்று இரண்டு முறை சொன்னாள்.

அன்று நான் தொடவில்லை. ஆசை இல்லாமல் அல்ல, பயம். நான் ஒரு துண்டு எடுத்தால் அது துண்டோடு முடியாது. டாக்டருக்கு போன், கிளிஃபர்டுக்கு போன், கிளிஃபர்டின் மாமியாருக்கு போன், பங்குச் சாமியாருக்கு போன். எல்லாரும் வந்து என்னைச் சுற்றி நின்று புத்தி சொல்வார்கள். அதைவிட மாரடைப்பு மேல். மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு, மூடிவிட்டு வந்தேன்.

விடை மறுநாள் காலை தானாக வந்தது. மேஜையிலிருந்த பன்னை மோக்கா இழுத்துத் தின்றுவிட்டது. பவுலின் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு "யாரு பண்ணது?" என்று கேட்டாள். அது காதை மடக்கிக்கொண்டு கட்டிலுக்கடியில் போனது. அவள் ஒரு திட்டு திட்டினாள். அவ்வளவுதான். வழக்கு முடிந்தது. டாக்டர் இல்லை, சாமியார் இல்லை. திருடியவன் கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து வாலாட்டினான், அவளும் தடவிக் கொடுத்தாள்.

எனக்கு மண்டையில் பல்பு எரிந்தது. இந்த வீட்டில் திருடினால் நாயாகத் திருட வேண்டும்.

அன்றிலிருந்து எங்கள் பாடத்திட்டம் மாறியது. உட்கார், வா, போ எல்லாம் தள்ளுபடி. ஒரே பாடம். "யாரு பண்ணது?" என்று கேட்டால், மூக்கைத் தரையில் வைத்து, காதை மடக்கி, கண்ணை மட்டும் மேலே தூக்கி, செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். முதலில் கையால் தலையை அழுத்திக் காட்டினேன். அழுத்தினதும் பிஸ்கட். பிறகு அழுத்தாமலே பிஸ்கட். நல்ல விஷயம் ஒன்றைக்கூடக் கற்றுக்கொள்ளாத அந்தக் குட்டி, பொய்ச்சாட்சி சொல்வதை ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டது. மனுஷனோடு பழகினால் எதுவும் முதலில் இதைத்தான் கற்கும் போலிருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை மறுபடியும் கறுப்புப் பை, மறுபடியும் வாசனை, மறுபடியும் பாட்டுப் பயிற்சி. பவுலின் தெருமுனை திரும்பியதும் நான் மேடைக்குப் போனேன். நின்றபடியே, சட்டியிலிருந்தே எடுத்து வாயில் போட்டேன். மென்றதும் கண்ணில் நீர் வந்துவிட்டது. தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். என்னை யாரும் ஏமாற்ற முடியாது. தொடைக்கறி. இளங்கன்று. கொழுப்பைச் சுத்தமாக வழித்தெடுத்துவிட்டாளே தவிர, மற்றபடி முதல் தரம். எலுமிச்சம்பழம் வேறு தாராளமாகப் பிழிந்திருந்தாள். நான் செத்தால் இந்த ருசியோடு சாகவேண்டும் என்று நினைத்துக்கொண்டே முக்கால் சட்டியைக் காலி செய்தேன்.

கூட்டாளிக்கும் பங்கு கொடுக்க வேண்டுமல்லவா? ஒரு துண்டை மோக்காவிடம் நீட்டினேன். அது முகர்ந்தது. என் முகத்தைப் பார்த்தது. திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டது. திருட்டுப் பொருளில் பங்கு வேண்டாம் என்கிற நேர்மை என்று நினைத்து நெகிழ்ந்துபோனேன். மசாலாவை வழித்து அதன் மூக்கிலும் மீசையிலும் தடவினேன். மேடைக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டேன். மூடியைத் தரையில் உருட்டிவிட்டேன். பிறகு சுவரைப் பார்த்து உட்கார்ந்து, வாழ்க்கை வெறுத்தவன் முகத்தை மாட்டிக்கொண்டேன்.

பவுலின் வந்தாள். சட்டியைப் பார்த்தாள். ஸ்டூலைப் பார்த்தாள்.

"யாரு பண்ணது?"

மோக்கா தொப்பென்று விழுந்தது. மூக்கு தரையில், காது மடங்கி, கண் மேலே. பெரிய நடிகர்கள் தோற்றுப்போவார்கள். எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது.

"அடப் படுபாவி! ஜாய்சனுக்கு வெச்சத எல்லாம் தின்னுட்டியா?"

"என்னாச்சு பவுலின்?" என்றேன், கஷ்டப்பட்டுத் திரும்பி.

"ஒண்ணுமில்ல. நீங்க எழுந்து கஞ்சி குடிங்க."

"அய்யோ, பாவம் ஜாய்சன்" என்றேன். கஞ்சியையும் குடித்தேன். மனசு நிறைந்திருந்தால் கஞ்சிகூட இறங்குகிறது.

இப்படியே வாராவாரம் நடந்தது. ஒருமுறை மட்டும் மாட்டிக்கொள்ளப் பார்த்தேன். பவுலின் சட்டிக்குப் பக்கத்தில் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, இங்க வாங்களேன். இந்த நாயி கிராம்ப எல்லாம் தனியா எடுத்து ஓரமா வரிசையா வெச்சிருக்கு. கறிவேப்பிலையும்."

சின்ன வயதிலிருந்தே கிராம்பு பல்லில் பட்டால் எனக்கு ஆகாது.

"நல்ல வீட்ல வளந்த நாய் பவுலின். வைட்ஃபீல்ட் இல்ல?"

"ஆமா" என்றாள். "உங்க வம்சமாட்டம்."

நான் தப்பித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

எனக்கு உடம்பு தேறியது. பெல்ட்டில் பழைய ஓட்டைக்குத் திரும்பினேன். தின்ற கறி செரிக்க வேண்டுமே என்று மோக்காவைப் பிடித்துக்கொண்டு பார்க் வரை நடக்க ஆரம்பித்தேன். அது இழுக்கும், நான் ஓடுவேன். டாக்டர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டு பார்த்தார். கொழுப்பு நன்றாக இறங்கியிருக்கிறதாம். "உங்க மிஸஸ்ஸுக்குத்தான் கை குடுக்கணும்" என்றார். மாட்டுக்கறி தின்று கொழுப்பு இறங்கிய முதல் மனுஷன் நான்தான் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். வைத்தியம் என்பதே பித்தலாட்டம் என்று அன்று உறுதியாயிற்று. சாவது சற்றுத் தள்ளிப்போனதில் எனக்கு வருத்தமில்லை. அடுத்த சனிக்கிழமை வரையாவது இருந்தாக வேண்டும்.

ஆனால் நான் கொடுத்த பயிற்சியில் ஒரு கோளாறு இருந்தது. யார் கேட்டாலும் மோக்கா ஒப்புக்கொண்டது. தண்ணீர்க் குழாய் உடைந்து சந்தில் வெள்ளம் வந்தபோது கார்ப்பரேஷன் ஆள் வந்து "யாரு பண்ணது?" என்றான். மோக்கா விழுந்தது. அதைக்கூடச் சிரித்து மழுப்பிவிட்டேன். சந்திரம்மாவிடம் முடியவில்லை.

அன்று நாராயணசாமிக்கு மாதத் திதி. படையல் முடித்து, எங்களுக்கும் இலையில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு வந்தவள், வாசற்படியில் உட்கார்ந்ததும் உடைந்துவிட்டாள்.

"யாருக்கும் ஒரு கெடுதி நெனச்சதில்லயே, அக்கா! நல்லா நடந்து போன மனுஷன இப்படிப் படுக்க வெச்சதே! யாரு பண்ணது? சொல்லுங்கக்கா, இத யாரு பண்ணது?"

மோக்கா எழுந்து வந்தது. அவள் காலடியில் விழுந்தது. மூக்கைத் தரையில் வைத்து, காதை மடக்கி, நாராயணசாமியின் சாவை ஒப்புக்கொண்டது.

எனக்கு ஸ்டென்ட் கழன்றுவிட்டது போலிருந்தது. ஆனால் சந்திரம்மா அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"பாத்தியாக்கா? வாயில்லாத ஜீவன். என் துக்கம் இதுக்குத் தெரியுது."

அதன் முதுகில் முகத்தை வைத்து அழுதாள். அன்றுதான் அவள் தட்டிலிருந்ததை முழுதும் சாப்பிட்டாள். நான் பவுலினைப் பார்த்தேன். பவுலின் நாயைப் பார்த்தாள். அப்புறம் என் சட்டைப் பையைப் பார்த்தாள். பையில் பிஸ்கட் பாக்கெட் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. டீச்சர்கள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் பயப்பட வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

அந்த வாரமே தீர்ப்பு வந்தது.

"இந்த நாயி திருந்தாது" என்றாள். "நீங்களும் எத்தினி மாசமா ட்ரெய்னிங் குடுக்கறீங்க. ஜாய்சன்கிட்ட சொல்லிட்டேன். அவன் பட்டறைக்குக் காவலுக்கு ஒரு நாய் வேணுமாம். இன்னும் ஒரே ஒரு வாட்டி திருடட்டும், ஞாயித்துக்கிழம வந்து கூட்டிட்டுப் போயிடுவான். கேட்ல கட்டிப்போட்டா எல்லாம் சரியாப் போகும்."

"கட்டிப்போடறதா? அது குட்டி, பவுலின்."

"திருட்டுக் குட்டி."

"கிளிஃபர்ட் என்ன சொல்லுவான்?"

"அவன் எப்பவோ சரின்னுட்டான்."

எனக்கென்ன, போனால் போகட்டும் என்று முதலில் சொல்லிக்கொண்டேன். அன்று மத்தியானம் நாற்காலியில் உட்கார்ந்தபோது மோக்கா வழக்கம்போல என் பாதத்தின் மேல் தலையை வைத்துத் தூங்கியது. பயிற்சி தொடங்கிய நாளிலிருந்து அது அங்கேதான் தூங்குகிறது. கால் மரத்துப்போனாலும் நான் எடுக்கமாட்டேன். ஹெப்பகோடியில் இரும்புத்தூள் பறக்கும் பட்டறை வாசலில், வெயிலில், சங்கிலியில் அதை நினைத்துப் பார்த்தேன். லாரிக்காரன் எவனாவது "யாரு பண்ணது?" என்று கத்துவான். இது விழுந்து ஒப்புக்கொள்ளும். அவன் உதைப்பான். எதற்கு உதைத்தான் என்று அதற்குத் தெரியாது, ஏனென்றால் ஒப்புக்கொண்டால் பிஸ்கட் என்றுதான் நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எனக்கு நெஞ்சு வலித்தது. இது டாக்டர் சொன்ன வலி அல்ல.

இனிமேல் கறியைத் தொடுவதில்லை என்று மாதா படத்தின் முன்னால் சத்தியம் செய்தேன். சனிக்கிழமை வந்தது. கறுப்புப் பை வந்தது. சமையலறைக் கதவு மூடிக்கொண்டது. வாசனை வந்தது. பவுலின் பாட்டுப் பயிற்சிக்குப் போனாள். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். செபமாலை சொன்னேன். செபமாலையில் மிளகு வாசனை வந்தது. ஒரே ஒரு துண்டு என்று எழுந்தேன். ஒரு துண்டு எடுத்தால் சட்டியில் தெரியாது. இரண்டாவது துண்டுக்கும் தெரியாது. நினைவு வந்தபோது சட்டியின் அடி தெரிந்தது.

அவ்வளவு கேவலமான மனுஷன் நான். சாகத் துணிந்தவன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன். ஒரு நாய்க்குட்டிக்காக ஒரு சனிக்கிழமை வாயைக் கட்டத் துணிவில்லை. அன்று மோக்காவின் மூக்கில் மசாலாவைத் தடவ என் கை போகவில்லை. ஆனால் தடவாமலே வேலை நடந்தது. பவுலின் வந்து கேட்டாள், அது விழுந்தது, என்னைப் பார்த்து வாலை ஆட்டியது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபோது ஜாய்சன் வாசலில் நின்றிருந்தான். கையில் புதுச் சங்கிலி. மோக்கா அவனைப் பார்த்ததும் குதித்துக்கொண்டு ஓடியது. விளையாட வந்திருக்கிறான் என்று நினைத்துவிட்டது. அவன் குனிந்து அதன் கழுத்துப் பட்டையைப் பிடித்தான்.

"வுடுறா!" என்றேன்.

"ஏன் மாமா?"

"நான்தாண்டா தின்னேன்!"

சந்து முழுக்கக் கேட்டிருக்கும். சந்திரம்மா வீட்டு ஜன்னல் திறந்தது.

"எல்லா வாரமும் நான்தான் தின்னேன். ஸ்டூல் போட்டது நான். மூக்குல தடவினது நான். அதுக்கு ஒண்ணும் தெரியாது, பிஸ்கட்டுக்காகத்தான் விழுது. பவுலின், என்னய என்ன வேணா பண்ணு. டாக்டருக்கு போன் பண்ணு, சாமியாரக் கூப்புடு. அத விட்டுடு."

சொல்லி முடித்ததும் தளர்ந்துபோய் வாசற்படியில் உட்கார்ந்தேன். அவள் கத்துவாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணைத் திறந்தால், பவுலின் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஜாய்சன் வாயைப் பொத்திக்கொண்டு தோளைக் குலுக்கிக்கொண்டிருந்தான்.

"மொத வாரத்துலயே தெரியும்" என்றாள். "சொல்றீங்களான்னு பாத்தேன். செய்யாத தப்புக்கு இந்தக் குட்டிய நான் இன்னும் எத்தினி வாட்டிதான் திட்டறது?"

"தெரியுமா? தெரிஞ்சும் ஏன் மறுபடி மறுபடி சமைச்சு அங்கயே வெச்ச? நான் செத்திருந்தா?"

"சுவத்தப் பாத்துக்கிட்டு, பட்டினி கெடந்து கெடந்து நீங்க செத்துக்கிட்டுதான இருந்தீங்க? குடுக்காம நீங்க போயிட்டா நான் எப்படி இருப்பேன்? குடுத்துப் போயிட்டா எப்படி இருப்பேன்? அதான் மீல் மேக்கர் வறுத்து வெச்சேன்."

"என்னா வறுத்த?"

"சோயா உருண்ட. வெந்நீர்ல ஊற வெச்சுப் பிழிஞ்சு, மிளகப் போட்டு. உப்பு இல்லாதது தெரியக்கூடாதுன்னு எலுமிச்சம்பழம். தட்டுல போட்டுக் குடுத்திருந்தா மூஞ்சிலயே அடிச்சிருப்பீங்க. திருடித் தின்னா ருசியா இருக்கும்னு தெரியும்."

"மாமா, நான் எத்தினி ஞாயித்துக்கெழம உங்க வீட்ல கஞ்சி குடிச்சேன் தெரியுமா?" என்றான் ஜாய்சன்.

நான் விடவில்லை. என்ன இருந்தாலும் தரம் பார்த்த ஆள்.

"பொய் சொல்லாத! சனிக்கிழம சனிக்கிழம நீ பீஃப் வாங்கிட்டு வந்தத நான் கண்ணால பாத்தேன். கறுப்புப் பைல. அது எங்க போச்சு?"

பவுலின் மோக்காவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"அது இதுக்கு வாங்கினது. வளர்ற புள்ள இல்லையா?"